பச்சை வயரும் காலடி மண்ணும்

பண்டாரவளைக் கடையில் வயர் வெட்டுவதுதான் என் வேலை. பல்பு, சுவிட்ச், ஹோல்டர் எல்லாவற்றையும் முதலாளியின் மருமகன் பார்த்துக்கொள்வார். வயர் மட்டும் என் பக்கம். மேசை விளிம்பில் மீட்டருக்கு மீட்டர் ஆணி அடித்து வைத்திருக்கிறோம். சுருளிலிருந்து இழுத்து, ஆணிக்கு ஆணி நீட்டி அளந்து, வெட்டி, வளையமாகச் சுற்றிக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

கஷ்டமான வேலை இல்லை. ஆனால் யாராவது ஒரு பெண் வந்து, "மூணு ரூம்பு, ஒரு ஹோல், குசினி, வெளியில ஒரு லைட்டு" என்று சொல்லும்போது நான் வேண்டுமென்றே மெதுவாக அளப்பேன். அவளுடைய மூன்று அறையும் என் கண் முன்னால் வந்து நிற்கும். எந்த அறையில் அவள் படுப்பாள், எந்த ஜன்னல் பக்கம் அலமாரியை வைப்பாள் என்றெல்லாம் நானே யோசித்துக்கொண்டு வெட்டுவேன். நான் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒரே ஒரு காம்பராவில். குசினியும் அதற்குள்தான், படுக்கையும் அதற்குள்தான். பொறாமைதான். அதற்கு வேறு பேர் எனக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். அம்மா கொழுந்தெடுக்கப் போனால் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் என் இடுப்பில் வளர்ந்து, பிறகு பள்ளிக்கூடம் போய், சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தாள். நான் கடைக்கு வந்தேன். வந்த புதிதில் முதலாளி எனக்கு நிறம் சொல்லிக் கொடுத்தார். பழைய முறையில் சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பிப் போகும், பச்சை எர்த். புது முறையில் பிரவுனில் வரும், நீலத்தில் திரும்பும், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். மற்ற ரெண்டும் நிறம் மாறிவிட்டன, எர்த் மட்டும் பச்சையை விடவில்லை.

"எர்த்து எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"பிரிட்ஜோ அயன் பொக்சோ உள்ளுக்குள்ள பழுதாகி கரண்டு வெளியில கசிஞ்சா, அத மண்ணுக்குக் கொண்டுபோறதுக்கு. அந்த வயரு இல்லாட்டி ஒங்க மேல ஏறித்தான் மண்ணுக்குப் போகும். பச்சையில மட்டும் தப்புப் பண்ணிராதீங்க."

அதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இயற்கையிலேயே நான் பயந்தவள். பஸ் வளைவில் திரும்பினால் பயம், பிள்ளை தும்மினால் பயம், மழை ரெண்டு நாள் தொடர்ந்து பெய்தால் சட்டி சாமான்களை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிடுவேன். எங்கள் காம்பராவில் இருப்பது ரெண்டே வயர், எர்த் கிடையாது. அயன் பொக்ஸைத் தொட்டால் விரல் சுருக்கென்று இழுக்கும். அதனால் கரண்டில் ஓடுகிற எதையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. உள்ளங்கையால் தொட்டால் கை மூடிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிட்டு வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் மலைச்சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு லயம். மேல் லயத்தில் நான். கீழ் லயத்தில் தங்கச்சி, கலியாணம் கட்டிப்போன இடத்தில். மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு எங்கே மண் கொஞ்சம் வாய் பிளந்தாலும் அதிகாரிகள் வந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு பெருமழைக்குப் பிறகு எங்கள் பக்கமும் வந்தார்கள். கீழ் லயத்துக்குப் பின்னால் விரிசல் இருக்கிறது, அங்கே இருப்பது ஆபத்து என்று எழுதினார்கள். மேல் லயத்துக்கு ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கீழ் லயத்து ஆட்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம், பழைய தேயிலை மலையில், ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்றானது.

"இதென்னா நியாயம்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நாங்க மேல இருக்கோம். நாங்க சரிஞ்சா அவங்க மேலதான் விழுவோம். அவங்களுக்கு மட்டும் ஆபத்தாமா?"

அவர் காய்கறி மூட்டை ஏற்றிவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அடியே, மனுசன் ஆபத்துக்குக்கூடவா பொறாமப்படுவான்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கச்சிக்கு வீடு கிடைத்தது சந்தோசம்தான். அவள் இந்த இடுப்பில் வளர்ந்தவள். ஆனால் அந்தச் சந்தோசத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது. அதை எழுப்பி வெளியே அனுப்ப என்னால் முடியவில்லை.

வீடு கூரை போட்டு முடிந்ததும் வயர் எடுக்க எங்கள் கடைக்கே வந்தார்கள். தங்கச்சி, அவளுடைய மாமியார், மாமியாரின் தம்பி மூன்று பேரும். தங்கச்சியின் புருசன் கொழும்பில் வேலை. மாமியாரின் தம்பி எங்கள் தோட்டத்து பெக்டரியில் வயர்மேனாக இருந்தவர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் மாமாதான். வீட்டுக்கு வயர் இழுக்கும் பொறுப்பு அவருடையது.

"சிவப்பு ஒரு சுருள், கறுப்பு ஒரு சுருள், கோடு போட்ட பச்ச ஒரு சுருள்" என்றார் மாமா.

"எது கறுப்பு?" என்றார் மாமியார்.

"வயருதான்க்கா, வயரு."

"புது வூட்டுல தலைக்கு மேல கறுப்புக் கயிறு ஓடுறதா? பால் காய்ச்சப்போற வூடு. அதெல்லாம் ஆகாது."

"பச்சப் புள்ள இடுப்புல கறுப்புக் கயிறு கட்டுறீங்களே, அது மட்டும் ஆகுமா?"

"அது கண்ணு படாம இருக்க. இது என்னாத்துக்கு?"

"லைட்டு எரியிறதுக்கு."

"சின்னதுலயிருந்தே ஒனக்குக் குறுக்குப் பேச்சுதான்டா."

கடையில் நின்ற மற்ற ஆட்கள் சிரித்தார்கள். இது ஒன்றும் புதிதில்லை. தோட்டத்து ஆட்கள் வீட்டுக்கு வயர் எடுக்க வந்தால் பாதிப்பேர் கறுப்பைத் தள்ளுவார்கள். சாமி அறைக்கு மட்டுமாவது கறுப்பு வேண்டாம் என்பார்கள். அதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் இருக்கும். அதையே சொன்னேன்.

"அத்த, அப்பிடின்னா புதுக் கலர்ல எடுங்க. பிரவுனு, நீலம், கோடு போட்ட பச்ச. கறுப்பே வராது. இப்ப எல்லாரும் அதத்தான் எடுக்கிறாங்க."

மாமியார் முகம் தெளிந்தது. மாமாவின் முகம் மாறியது.

"நீலமா? நான் தொட மாட்டேன்."

"ஏன் மாமா?"

"பெக்டரியில மூணு லைன் வரும் தாயி. சிவப்பு, மஞ்சள், நீலம். மூணும் கடிக்கும். நீலத்துல ஒருக்கா வாங்கிக் கட்டிக்கிட்டு ஒலர்த்துற மெசின் மேல போய் விழுந்தேன். இப்ப வந்து நீலம் சும்மா திரும்பிப் போற வயருன்னா என் கை கேக்காது."

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஒருவருக்குக் கறுப்பு ஆகாது, ஒருவருக்கு நீலம் ஆகாது. மாமா தாடையைச் சொறிந்தார். பிறகு கீழ்த் தட்டில் கிடந்த பழைய சுருளைக் காட்டினார். கோடு இல்லாத, வெறும் பச்சை. பழைய முறைக்காரர்கள் எர்த்துக்குக் கேட்டால் கொடுப்பதற்காக வைத்திருந்தது.

"அந்தா இருக்கே சும்மாப் பச்ச, அது திரும்புறதுக்கு. கோடு போட்ட பச்ச எர்த்துக்கு. கறுப்பும் இல்ல, நீலமும் இல்ல. முடிஞ்சிது வேல."

"பச்ச லட்சணமான கலரு" என்றார் மாமியார்.

நான் தட்டுக்கு முன்னால் கையை நீட்டி மறித்தேன். "மாமா, அது வேணாம். பச்சன்னா எல்லாரும் எர்த்துன்னுதான் நெனைப்பாங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து வயரு சேருற பொட்டியத் தொறந்தா கொழம்பிப் போயிருவாரு."

"எவன் வந்து தொறக்கப் போறான்? என் அக்கா வூடு. நான்தான் தொறப்பேன்."

"நீங்க எப்பவும் இருப்பீங்களா?"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கு விளங்கியது. மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பேசுற பேச்சப் பாரு!"

நான் தங்கச்சியைப் பார்த்து, "இந்தப் பச்சய நான் வெட்ட மாட்டேன். சொல்லு நீ" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் குரல் உயரும். கோபம் என்று நினைத்துவிடுவார்கள்.

தங்கச்சி மேசைக்குக் கிட்ட வந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அக்கா, எங்களுக்கு வூடு வந்தது ஒனக்குப் புடிக்கல. அதுக்கு ஏன் வயரச் சாட்டுற?"

நான் வயரைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் அவள் சொன்னதைப் பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ரெண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே குரலில் வந்தால் கேட்கிறவள் எப்படிப் பிரித்தெடுப்பாள்? நானே பிரித்தெடுக்க முடியாமல் நின்றேன். அவர்கள் எதிர்க்கடைக்குப் போய் அதே வெறும் பச்சையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

"சொந்தத் தங்கச்சிய எதிர்க்கடைக்கு அனுப்புற கெட்டிக்காரிய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார் முதலாளி. நான் அந்தப் பச்சைச் சுருளைத் தட்டின் உள்ளே, கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளி வைத்தேன்.

பால் காய்ச்சுக்குப் போகாமல் இருந்தால் ஊர் பேசும். ஒரு கரண்டுக் கேத்தலை வாங்கி, மினுக்குத் தாளில் சுற்றிக்கொண்டு போனேன். வீடு அழகாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் ஆசை, ஆனால் கண் போகிற இடமெல்லாம் அழகாக இருந்தால் என்ன செய்வது? சிவப்பு சீமெந்துத் தரை. ரெண்டு அறை. குசினிக்குத் தனியாகக் கதவு. ஒவ்வொரு சுவரிலும் மூன்று கண் வைத்த பிளக் பொயிண்ட். தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கடையில் பேசியதெல்லாம் மறந்துபோனவள் மாதிரி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டினாள். "இங்க பாருக்கா. இது வெளி லைட்டு. இது பேன். இந்தா இது ட்ரிப் சுவிட்சு. எங்கயாவது கசிஞ்சா இது தானா விழுந்து கரண்ட நிப்பாட்டிருமாம்."

"தெரியும்" என்றேன். தினம் பத்துப் பேர் அதை வாங்கிப்போவதைப் பார்க்கிறவளுக்கு அவள் விளக்கம் சொல்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் போனபோது அதைப் பார்த்தேன். சுவரோரமாக மண்ணில் எர்த் கம்பி அடித்திருந்தது. தலை மட்டும் வெளியே தெரிந்தது. கோடு போட்ட பச்சை வயர் சுவரிலிருந்து இறங்கி அதில் முடிந்திருந்தது. அறைகளைப் பார்த்து வராத பொறாமை அந்தக் கம்பியைப் பார்த்து எனக்கு வந்தது. எங்கள் லயத்தில் ஒருமுறை இப்படி ஒன்று அடிக்கலாமா என்று கேட்டதற்கு, தோட்டத்து மண்ணில் யாரைக் கேட்டு அடிப்பது என்று பேச்சை முடித்துவிட்டார்கள். ஒரு கம்பி இறங்கவும் சொந்தமாகக் கொஞ்சம் மண் வேண்டும். தங்கச்சிக்கு அது இருக்கிறது. வீடு இடிந்தாலும் அந்த மண் அவளுடையது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே பாயசம் கொடுக்கிறார்கள் என்று யாரோ கூப்பிட்ட பிறகுதான் வந்தேன்.

ஹோலில் ஒரு பிரிட்ஜ், அட்டைப் பெட்டியைக் கழற்றிய கையோடு நின்றது. தங்கச்சியின் கொழுந்தன் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. அவன் அங்கே போன் கடையில் வேலை. குசினி மூலையில் வைக்க வேண்டும், அங்கே பிளக் இல்லை, நானே ஒரு பொயிண்ட் இழுத்துவிடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பிரிட்ஜுக்கு முன்னால் நின்று, பழக்க தோசத்தில், புறங்கையால் அதன் கதவைத் தொட்டேன். கரண்ட் கொடுக்காத பிரிட்ஜ் என்பதுகூட ஞாபகம் வரவில்லை. கை குளிர்ந்தது. எடுக்க மனமில்லாமல் அப்படியே மேலிருந்து கீழ் வரைக்கும் கொண்டுபோனேன்.

"என்னம்மா தடவித் தடவிப் பாக்குற?" என்று பின்னாலிருந்து மாமியார் கேட்டார்.

"நல்லா இருக்கு அத்த" என்றேன். "கண்ணு படாம இருக்கணும்" என்று கூடவே சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அது என் வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. தங்கச்சி போன் எடுப்பதும் குறைந்தது. கடையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அந்த வெறும் பச்சை ஞாபகம் வந்து கை நின்றுவிடும். மாமா செய்த வேலை, அவர் கவனமாகத்தான் செய்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிறகு, அவளுக்கென்ன, பிரிட்ஜில் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள், நான் எதற்கு இங்கே கிடந்து சாகிறேன் என்று எரிச்சல் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தங்கச்சி எங்கள் லயத்துக்கு வந்தாள். தனியாக வந்தாள். உட்காரவில்லை. கொடுத்த தேத்தண்ணியைப் பாதி குடித்தாள். அம்மாவின் முழங்கால் வலி பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, "வர்றேன்க்கா" என்று இறங்கினாள். வழியனுப்ப நானும் வாசல் மண்ணில் இறங்கி நின்றேன். நான் பிள்ளையைக் கூப்பிட அந்தப் பக்கம் நகர்ந்ததும், அவள் செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது, நான் நின்ற இடத்து மண்ணை மூன்று விரலால் கிள்ளி ஒரு தாளில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் அது எதற்கென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாருடைய கண் பட்டது என்று சந்தேகமோ, அவர்களுடைய காலடி மண்ணை எடுத்து, உப்பு மிளகாயோடு சேர்த்துச் சுத்தி, நெருப்பில் போடுவார்கள். போட்ட மிளகாய் நெடி ஏறினால் கண் இல்லை. நெடியே இல்லாமல் எரிந்தால் கண் பட்டது உண்மை.

"என்னாத்த அள்ளுற?" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. "அத்த கேட்டாங்க…"

"ஏங் காலடி மண்ணா? ஒன்ன இடுப்புல தூக்கி வளத்தவ காலடி மண்ணா?"

"நான் என்னாக்கா செய்யிறது?" என்று அழ ஆரம்பித்தாள். "நீ வந்துட்டுப் போன அன்னிக்குப் பொழுதுபட்டதுலயிருந்து வூட்டுல லைட்டே நிக்கல. ஒரு பல்பு போட்டாலும் ட்ரிப்பு விழுந்துருது. பிரிட்ஜு ஓடுனா விழுது, பேன் போட்டா விழுது. அத்த சொல்றாங்க, நீ பின்னால நின்னு மண்ணையே பாத்துக்கிட்டு இருந்தியாம், பிரிட்ஜத் தடவிப் பாத்தியாம்…"

பார்த்தேன்தான். தடவினேன்தான். மாமியார் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. என் பொறாமைக்கு அப்படி ஒரு பலம் இருக்குமோ என்று ஒரு நிமிசம் எனக்கே சந்தேகம் வந்தது.

"இப்பவும் விழுதா?"

"இப்ப இல்லக்கா. மாமா முந்தாநாளு வந்து, ட்ரிப்பு பழுதுன்னுட்டு, அத விட்டுட்டு நேராக் குடுத்துட்டாரு. லைட்டு நல்லா எரியுது. ஆனா பிரிட்ஜத் தொட்டா லேசா இழுக்குது. அதுக்குத்தான் அத்த, சுத்திப் போட்டுட்டா அதுவும் சரியாயிரும்னு…"

பொறாமை, கோபம், அவமானம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்பு சீமெந்துத் தரைதான். தரை கழுவிவிட்டு ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிற இவள், கை நீட்டி பிரிட்ஜைத் திறக்கிற இவளுடைய பிள்ளை. கசிந்தால் நிறுத்த வேண்டிய சுவிட்சை எடுத்துவிட்டார்கள். இழுக்கவும் ஆரம்பித்துவிட்டது.

"மண்ண வச்சிக்க. கீழ போட்டுறாத" என்றேன். "ஆனா என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. இப்பவே. போற வழியில போனப் போட்டு மாமாவ வரச் சொல்லு. புள்ளைய பிரிட்ஜுகிட்ட போக வேணாம்னு சொல்லு."

தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஓடாத குறையாகப் போனோம். வாசலில் மாமியார் என்னைக் கண்டதும் தங்கச்சியைப் பார்த்தார். மண்ணை எடுத்து வரச் சொன்னால் ஆளையே கூட்டி வந்திருக்கிறாயே என்ற பார்வை. நான் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். ஓடிக்கொண்டிருந்த டீவி நின்றது.

"வந்ததும் வராததுமா அணைக்கிறா பாரு" என்றார் மாமியார்.

"அத்த, என்னைய அப்புறமா வையிங்க. மாமா வந்து குசினிப் பொட்டியத் தொறந்து பாக்குற வரைக்கும் யாரும் இதப் போடக் கூடாது."

மாமா வந்தார். அவருக்கும் கோபம்தான். "நான் போட்ட வயருல தப்பு இருக்காதும்மா. ட்ரிப்புத்தான் மட்டமான சாமான்."

"ஒங்க வயருல இல்ல மாமா. பால் காய்ச்சுக்கு அப்புறம் பிரிட்ஜுக்கு ஒரு பொயிண்ட் வந்துச்சே, அத யாரு போட்டா?"

மாமா திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தார். லீவில் வந்திருந்த அவன் போனை நோண்டிக்கொண்டே, "நான்தான்" என்றான். மாமா ஏணி போட்டு ஏறினார். பெட்டியின் மூடியைக் கழற்றினார். டோர்ச் அடித்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது.

"அடேய், பச்ச ரெண்டையும் எதுக்குடா ஒண்ணா முறுக்கி வச்சிருக்க?"

"ரெண்டும் பச்சதானே மாமா? எர்த்துன்னு நெனச்சேன். பிரிட்ஜு வயருல பிரவுனு, நீலம், கோடு போட்ட பச்ச. பிரவுன சிவப்புல கட்டுனேன். பச்சய பச்சயோட கட்டுனேன். நீலத்துக்குச் சோடியே இல்ல. பிரிட்ஜும் ஓடல."

"அப்புறம்?"

"அப்புறம் நீலத்தையும் அந்தப் பச்சக் கட்டோட சேத்து முறுக்குனேன். ஓடுச்சி."

மாமா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் போக வேண்டிய வயரும், எர்த் வயரும் ஒன்றாகிவிட்டன. பல்பில் எரிந்து திரும்புகிற கரண்டில் கொஞ்சம் எர்த் வழியாகப் போயிருக்கிறது. கசிவு என்று நினைத்து ட்ரிப் சுவிட்ச் ஒவ்வொரு தடவையும் விழுந்திருக்கிறது. அது பழுதே இல்லை. அது ஒன்றுதான் அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்தது. அதைத்தான் கழற்றிவிட்டார்கள்.

"காத்துக்கு கம்பத்துல நியூட்ரல், அந்தத் திரும்புற வயரு, அறுந்திருந்தா, பிரிட்ஜுலயிருந்து கேத்தல் வரைக்கும் எல்லாத்துலயும் முழுசா கரண்டு நின்னிருக்கும்" என்று மாமா யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு, "கடையில இந்தப் புள்ள சொல்லிச்சி" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கலாம். எனக்கு அப்படி இருக்கவில்லை. தங்கச்சி கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா முறுக்கைப் பிரித்து, சரியாகக் கட்டி, ட்ரிப் சுவிட்சைத் திரும்ப மாட்டினார். மெயினைப் போட்டார். பிரிட்ஜ் ஓடியது, பல்பு எரிந்தது, எதுவும் விழவில்லை. நான் போய்ப் புறங்கையால் பிரிட்ஜைத் தொட்டேன். இழுக்கவில்லை. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தச் சும்மாப் பச்ச முழுசையும் உருவிட்டு வேற போடணும்" என்றார் மாமா. "நீலமே போடுறேன். என் கை பழகிக்கட்டும்."

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. நான் புறப்படப் பார்த்தேன். மாமியார் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தார். "வயரு சரியாயிருச்சி. ஆனாலும் எதுக்கும் சுத்திப் போட்டுருவோம். எடுத்து வச்சது எடுத்து வச்சதுதானே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தங்கச்சி, பிள்ளை, கொழுந்தன் மூன்று பேரையும் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார். தங்கச்சி இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். என் மண். நான் குசினிக் கதவில் சாய்ந்து நின்றேன். போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. போனால், கண் வைத்தவள் ஓடுகிறாள் என்பார்கள்.

"அக்கா, நீயும் வந்து ஒக்காரு" என்றாள் தங்கச்சி.

மாமியார் திகைத்துப்போனார். "அது எப்பிடிடி? அவ காலடி மண்ண அவளுக்கே சுத்துறதா? அப்பிடி ஒரு வழக்கம் எங்கயும் இல்ல."

"இன்னிக்கி அவதான் பயந்துபோயி நிக்கிறா. சுத்துங்க அத்த." அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே எங்கள் நான்கு பேரையும் சேர்த்துச் சுத்தினார். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், ஒறவு கண்ணை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். எதிரே அந்தச் சிவப்புத் தரை. பக்கத்தில் பிரிட்ஜ் உறுமுகிற சத்தம். பயம் போனதும் பழைய பொறாமை மெல்லத் திரும்பி வந்து பக்கத்தில் உட்காருவது தெரிந்தது. இப்படி ஒரு தரை எனக்கு இல்லையே என்று, சுத்திப் போடுகிற அந்த நேரத்திலும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். மிளகாய் நெடி இல்லாமல் எரிந்தால் என்ன செய்வது? இனி இந்த வாசலை மிதிக்க முடியாது.

வெளியே வாசலில் தேயிலைக் குச்சி போட்டு எரித்த நெருப்பில் மாமியார் எல்லாவற்றையும் கொட்டினார். உப்பு வெடித்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. மாமியார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு காற்று இந்தப் பக்கம் திரும்பியது. பிள்ளை தும்மியது. கொழுந்தன் இருமினான். தங்கச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்ந்து இருமினாள். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

"நெடி ஏறுது" என்றார் மாமியார், அவரும் இருமிக்கொண்டே. கொஞ்சம் ஏமாந்த குரல். "அப்ப, கண்ணு ஒண்ணும் இல்ல."

தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள், இத்தனை நாளாக இவ்வளவு பொறாமையைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், அது ஒரு மிளகாயின் நெடியைக்கூட அடக்கவில்லையே என்று எனக்கும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.